‘யாருப்பா இந்த ஸ்லாட்?’ - க்ளாப் கிளம்பியதும் லிவர்பூல் ரசிகர்கள் புது மேனேஜரை எடைபோட்டது எப்படி?

2024 ஆகஸ்ட் 17. இப்ஸ்விச் டவுன் அணியின் போர்ட்மேன் ரோடு மைதானம். பிரீமியர் லீக் சீசனின் முதல் வாரம். லிவர்பூலின் புது மேனேஜர் ஆர்னே ஸ்லாட்டுக்கு இதுதான் முதல் லீக் போட்டி. எதிரே நின்றது 22 வருஷம் கழித்து பிரீமியர் லீகுக்குத் திரும்பிய அணி. அப்படியிருந்தும் இடைவேளையில் ஸ்கோர் 0-0.

இரண்டாம் பாதிக்கு அணிகள் வெளியே வந்தபோது லிவர்பூலின் 21 வயது டிஃபெண்டர் ஜாரெல் குவான்சாவைக் காணோம். அவருக்குப் பதிலாக இப்ராஹிமா கொனாட்டே இறங்கினார். காயமா? இல்லை. எதிரணியோடு நேருக்கு நேர் மோதும் பந்துகளை, முக்கியமாக உயரத்தில் வரும் பந்துகளை, லிவர்பூல் அதிகம் இழந்துகொண்டிருந்தது. அதனால்தான் மாற்றம் என்று போட்டி முடிந்ததும் ஸ்லாட் நேராகவே சொல்லிவிட்டார். 60வது நிமிடத்தில் டியாகோ ஜோட்டா கோல் அடித்தார். அடுத்த ஐந்து நிமிடத்தில் முகமது சலா. 2-0.

ஒரு இளம் வீரரை முதல் நாளே, அதுவும் 45 நிமிடத்தில் வெளியே எடுப்பது சாதாரண விஷயமில்லை. லிவர்பூல் ரசிகர்களுக்குப் புது மனிதரைப் பற்றிக் கிடைத்த முதல் துப்பு அதுதான். ‘ஆள் அமைதியாகத்தான் இருக்கிறார். ஆனால் முடிவெடுக்கத் தயங்குவதில்லை.’

‘அமைதி’ என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது தேவைப்படும்.

முதலில், மேனேஜர் என்றால் யார்?

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு சின்ன விளக்கம். கிரிக்கெட்டில் அணி தோற்றால் கேப்டனைத்தான் முதலில் திட்டுவோம். கால்பந்தில் அந்த இடம் மேனேஜருக்கு. யார் ஆட வேண்டும், எந்த இடத்தில் ஆட வேண்டும், யாரை எப்போது வெளியே எடுக்க வேண்டும், எல்லாம் அவர் கையில். கேப்டனின் கைப்பட்டையில் அவ்வளவு அதிகாரம் கிடையாது. அதனால்தான் ஐரோப்பாவில் ஒரு கிளப்பின் மேனேஜர் மாறுவது, ரசிகர்களுக்கு வீட்டுப் பெரியவர் மாறுவது மாதிரி.

லிவர்பூலில் அந்தப் பெரியவர் யூர்கன் க்ளாப். 2015 அக்டோபரில் வந்தவர். சாம்பியன்ஸ் லீக் (2019), 30 வருஷக் காத்திருப்புக்குப் பிறகு லீக் பட்டம் (2020) என எல்லாவற்றையும் கொண்டுவந்தவர். வென்றால் ஆன்ஃபீல்ட் மைதானத்தின் ‘காப்’ ஸ்டாண்டைப் பார்த்துக் காற்றில் மூன்று குத்து விடுவார். வீரர்களைக் கட்டிப்பிடித்துத் தூக்குவார். தன் ஆட்டத்தை ‘ஹெவி மெட்டல் ஃபுட்பால்’ என்று அவரே வர்ணித்ததுண்டு. அப்படிப்பட்டவர், தன்னிடம் சக்தி தீர்ந்துகொண்டே வருகிறது என்று 2024 ஜனவரி 26 அன்று விலகலை அறிவித்தபோது, பல ரசிகர்களுக்கு அது கிட்டத்தட்ட துக்கச் செய்திதான்.

அடுத்து யார்? ரசிகர்கள் மனசில் முதலில் இருந்த பெயர் ஸாபி அலோன்சோ. லிவர்பூலுக்காக ஆடியவர், அப்போது ஜெர்மனியின் லெவர்குசன் அணியைத் தோல்வியே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர். மார்ச் மாதக் கடைசியில் அவர் ‘நான் இங்கேயே இருக்கிறேன்’ என்று அறிவித்துவிட்டார். பிறகு லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் இருந்த ரூபன் அமோரிம் பெயர் அடிபட்டது. கடைசியில் வந்தது ஃபெயனூர்ட் கிளப்பின் ஸ்லாட். நெதர்லாந்து லீக் பட்டமும் (2022-23) கோப்பையும் (2024) வென்றவர்தான். ஆனால் நெதர்லாந்து லீகைப் பார்க்காத ரசிகருக்கு அவர் வெறும் பெயர். போதாக்குறைக்கு, பதவியின் பெயரும் ‘மேனேஜர்’ இல்லை, ‘ஹெட் கோச்’. வீரர்களை வாங்குவது, விற்பது எல்லாம் ஸ்போர்ட்டிங் டைரக்டர் ரிச்சர்ட் ஹியூஸ் பொறுப்பு. (ரசிகர்கள் பேச்சில் அவர் மேனேஜர்தான்.)

இங்கே க்ளாப் ஒரு காரியம் செய்தார். 2024 மே 19, வுல்வ்ஸ் அணிக்கு எதிரான அவரது கடைசிப் போட்டி முடிந்து, மைக்கைப் பிடித்துப் பேசியவர், தனக்குக் கொடுத்த மாதிரியே புதியவருக்கும் வரவேற்பு கொடுங்கள் என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. ஸ்லாட்டின் பெயரை வைத்து அவரே பாட ஆரம்பித்தார், மைதானமே கூடப் பாடியது. அதிகாரபூர்வ அறிவிப்பு மறுநாள்தான் வந்தது! கிளம்புகிறவரே வருகிறவருக்காகப் பாடுவது கால்பந்தில் அபூர்வம். சந்தேகத்தோடு இருந்த ரசிகர்கள் வாயை அந்தப் பாட்டு கொஞ்ச நாளைக்காவது கட்டிப்போட்டது.

ரசிகர்கள் எதைப் பார்த்தார்கள்?

முதல் சில வாரங்களில் ரசிகர்கள் புது ஆளைப் பார்ப்பதைவிட, பழைய ஆளிடம் இருந்தது இவரிடம் இருக்கிறதா என்றுதான் தேடுவார்கள். ஸ்லாட்டிடம் அந்தத் தேடலுக்குக் கிடைத்தது கம்மி. மூன்று குத்து இல்லை. பிரஸ் மீட்டில் பெரிய பஞ்ச் டயலாக் இல்லை. வென்றாலும் ஒரு கைதட்டல், கைகுலுக்கல், அவ்வளவுதான்.

புது வீரர்களாவது வந்தார்களா? அதுவும் இல்லை. ரியல் சோசியடாட் மிட்ஃபீல்டர் மார்ட்டின் ஸுபிமெண்டியைக் கேட்டார்கள். அவர் வர மறுத்துவிட்டார். கடைசியில் அந்தக் கோடையில் உடனடியாக அணிக்கு வந்தது ஃபெடரிகோ கியேசா ஒருவர்தான். ‘இருக்கிறதை வைத்துச் சமாளி’ என்று சொல்லிவிட்டார்களா என்ற புலம்பல் நியாயமானதே.

ஸ்லாட் சமாளித்த விதம்தான் சுவாரஸ்யம். முந்தைய சீசனில் பெரும்பாலும் பெஞ்சுக்கும் மைதானத்துக்கும் நடுவே அல்லாடிக்கொண்டிருந்த ரயான் கிராவன்பெர்க்கைக் கூப்பிட்டு, ஸுபிமெண்டிக்கு யோசித்திருந்த இடத்தில் நிறுத்தினார். டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று பந்தை வாங்கித் திருப்பும் வேலை. அதே ஆள், அதே கால், வேறு இடம். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் ‘இவரை ஏன் முன்னாடியே இங்கே போடல?’ என்று கேட்கும் அளவுக்கு ஆட்டம் மாறியிருந்தது.

ஆட்டத்தின் வேகமும் மாறியது. க்ளாப் காலத்தில் பந்து கிடைத்தால் பாய்ச்சல்தான். ஸ்லாட்டின் டிஃபெண்டர்கள் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். எதிராளி நெருங்கி வரட்டும் என்று காத்திருந்து, வந்ததும் அவர் விட்டுவந்த இடத்தில் பாஸ் போடுவார்கள். டிவியில் பார்க்கும்போது முதலில் போர் அடிக்கும். புரிந்துவிட்டால் த்ரில்லர்.

செப்டம்பர் 1, ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 3-0 என்று சாய்த்தபோது அது பலருக்கும் புரிந்தது. யுனைடெட்டின் கேஸமீரோ பந்தைத் தவறவிட, அதிலிருந்து லூயிஸ் டியாஸ் இரண்டு கோல். முதல் மூன்று லீக் போட்டிகளில் ஏழு கோல் போட்டு, ஒன்றுகூட வாங்கவில்லை லிவர்பூல்.

அடுத்த போட்டியிலேயே சறுக்கல். ஆன்ஃபீல்டில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 1-0 என்று வென்றது. 1969-க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஃபாரஸ்டுக்கு லீக் வெற்றியே கிடையாது! ‘அவ்வளவுதானா?’ என்ற குரல்கள் எழுந்தன. ஆனால் ஸ்லாட் தன் ஆட்டமுறையை மாற்றவில்லை. மூன்று நாளில் மிலன் நகரில் 3-1. அக்டோபர் 23-ல் லெய்ப்ஸிக்கை வென்றபோது கணக்கு: 12 போட்டி, 11 வெற்றி.

முதல் வெற்றி சொல்லாத கதைகள்

இதை வைத்து ‘ஆரம்பமே சொல்லிவிடும்’ என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வோம்.

2013-ல் அலெக்ஸ் ஃபெர்குஸன் ஓய்வு பெற்று, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு டேவிட் மோயஸ் வந்தார். ஆறு வருட ஒப்பந்தம். ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்’ என்று அர்த்தம் வரும் பேனரையே ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்டில் தொங்கவிட்டார்கள். முதல் லீக் போட்டியில் ஸ்வான்ஸி மைதானத்திலேயே போய் 4-1 வெற்றி. அதைவிட நல்ல முதல் நாள் கிடைக்குமா? 2014 மார்ச்சில் ஆஸ்டன் வில்லா போட்டியின்போது ‘மோயஸ் வெளியே போ’ என்ற வாசகத்தை இழுத்துக்கொண்டு ஒரு குட்டி விமானம் மைதானத்துக்கு மேலே பறந்தது. ஏப்ரல் 22-ல் வேலை போய்விட்டது. பத்து மாதம்கூட நிறையவில்லை.

க்ளாப்பையே எடுத்துக்கொள்வோம். 2015 நவம்பரில் ஆன்ஃபீல்டில் கிரிஸ்டல் பேலஸிடம் 82வது நிமிடத்தில் கோல் வாங்கி லிவர்பூல் பின்தங்கியதும் ரசிகர்கள் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த நிமிடம் தனியாக நிற்பது போல இருந்தது என்று க்ளாப் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். அடுத்த மாதம் வெஸ்ட் பிரோம் அணியோடு கடைசி நேர கோலில் 2-2 டிரா. வீரர்களைக் கைகோக்கச் சொல்லி, ‘காப்’ ஸ்டாண்ட் முன்னால் நிறுத்தி வணங்க வைத்தார். டிராவுக்கே இந்த அலப்பறையா என்று மற்ற அணி ரசிகர்கள் கிண்டலடித்த கிண்டல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அன்று அவர் தோல்வியையும் வெற்றியையும் ரசிகர்களோடு சேர்ந்து சுமப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது புரிய இரண்டு மூன்று வருஷம் ஆனது.

லிவர்பூலுக்கு வந்திருக்க வேண்டியவர் என்று பேசப்பட்ட அமோரிம், அதே 2024 நவம்பரில் யுனைடெட்டுக்குப் போனார். நல்ல பேச்சு, இளமை, சிரிப்பு. பிரஸ் மீட்டிலேயே ரசிகர்கள் கவிழ்ந்துவிட்டார்கள். முதல் போட்டி, ஸ்லாட் தொடங்கிய அதே இப்ஸ்விச் மைதானம். இரண்டாவது நிமிடத்திலேயே ராஷ்ஃபோர்ட் கோல்! ஆனால் போட்டி 1-1 என்று முடிந்தது. ஜனவரியில் பிரைட்டனிடம் தோற்ற பிறகு, யுனைடெட் வரலாற்றிலேயே மோசமான அணி இதுவாக இருக்கலாம் என்று அவரே சொன்னார். சீசன் முடிவில் 15வது இடம்.

‘புது மேனேஜர் வந்ததும் அணி வெல்ல ஆரம்பிக்கும்’ என்ற நம்பிக்கைக்கும் ஒரு விளக்கம் உண்டு. சீசன் நடுவில் ஒரு மேனேஜரை நீக்குவது எப்போது? தொடர்ந்து தோற்று, அதிர்ஷ்டமும் கைவிட்ட அடிமட்டத்தில். அங்கிருந்து யார் வந்தாலும் ரிசல்ட் கொஞ்சம் மேலேறத்தான் வாய்ப்பு அதிகம். அந்த ஏற்றத்தின் பெருமை புதியவர் கணக்கில் சேர்ந்துவிடும். ஸ்லாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் வாங்கியது 82 புள்ளிகளோடு மூன்றாவதாக முடித்த அணியை. கீழே விழுந்தால் பழி முழுக்க அவருக்குத்தான்.

அதே அமைதி, வேறு பெயர்

விழவில்லை. 2025 ஏப்ரல் 27, டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று, நான்கு போட்டி மிச்சமிருக்கும்போதே லிவர்பூல் சாம்பியன் ஆனது. 20வது லீக் பட்டம். ஆன்ஃபீல்டில் மைக்கை வாங்கிய ஸ்லாட், முந்தைய மே மாதம் தனக்காகப் பாடப்பட்ட அதே மெட்டில் க்ளாப்பின் பெயரைப் பாடினார். கடன் தீர்ந்தது. ‘அமைதி’ அப்போது புத்திசாலித்தனத்துக்கு இன்னொரு பெயர்.

பிறகு அந்தக் கோடை. ஸ்லாட் காலத்தின் முதல் கோலை அடித்த டியாகோ ஜோட்டா, ஜூலை 3 அன்று ஸ்பெயினில் நடந்த கார் விபத்தில் தம்பியோடு இறந்துபோனார். வயது 28. அவருடைய 20-ம் எண் ஜெர்ஸிக்கு கிளப் நிரந்தர ஓய்வு கொடுத்தது. போட்டிகளில் 20வது நிமிடம் வந்ததும் ரசிகர்கள் அவருக்காகப் பாடினார்கள்.

முந்தைய வருஷம் கியேசாவோடு நிறுத்திக்கொண்ட கிளப், இந்த முறை 40 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டியது. அலெக்ஸாண்டர் இசாக் ஒருவருக்கே 12.5 கோடி, பிரிட்டனில் அதுவரை இல்லாத தொகை. முதல் ஐந்து லீக் போட்டியும் வெற்றி. அப்புறம் தொடர்ச்சியாக நான்கு லீக் தோல்விகள். நவம்பர் 22 அன்று ஆன்ஃபீல்டில் ஃபாரஸ்ட் மறுபடி வந்தது. இந்த முறை 0-3. நான்கு நாள் கழித்து அதே மைதானத்தில் பிஎஸ்வி அணியிடம் 1-4.

ஜோட்டாவின் இழப்பை இந்தத் தோல்விகளுக்குச் சாக்காகச் சொல்ல மாட்டேன் என்றார் ஸ்லாட். குரல் உயரவில்லை, பழி யார் மேலும் போகவில்லை. 2024-ல் ரசிகர்கள் பார்த்த அதே மனிதர், அதே முகம். ஆனால் ஸ்டாண்டில் இப்போது வேறு பேச்சு: ‘இவருக்குக் கோபமே வராதா? க்ளாப் இருந்திருந்தால் இந்நேரம்...’

டிஃபென்ஸ் ஓட்டையாகக் கிடந்த அந்த வாரங்களில் இன்னொரு பெயரும் அடிபட்டது. போர்ட்மேன் ரோட்டில் 45 நிமிடத்தில் வெளியே எடுக்கப்பட்ட ஜாரெல் குவான்சா. அவரை விற்றிருக்கக் கூடாது என்றார்கள் சிலர். அவர் அப்போது ஜெர்மனியில், லெவர்குசனுக்காக ஆடிக்கொண்டிருந்தார்.