கல்லாவை விட்டு எழுந்து கழிமுகக் கரையில் நடப்போம்

காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு பூட்டும்வரை கல்லாவில் உட்கார்ந்தே இருப்பது நம் தொழில். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வணிகர்களைத் தேடி வருவதில் வியப்பில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைந்து நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளைக்கு அரைமணி வீதம் ஐந்து நாள், அவ்வளவுதான்.

தென்சென்னை வணிகர்களுக்கு இதற்கு ஏற்ற இடம் ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள தொல்காப்பியப் பூங்கா. அடையாறு கழிமுகத்தை ஒட்டிய இந்த 58 ஏக்கர் நிலம் ஒரு காலத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டும் இடமாக இருந்தது. இடிபாடுகளை அள்ளி, சீமைக் கருவேலத்தை அகற்றி, குளங்களை ஆழப்படுத்தி, நாட்டு மரங்களை நட்டு, 2011 ஜனவரியில் பூங்காவாகத் திறந்தார்கள். மீண்டும் சீரமைக்கப்பட்டு 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. உள்ளே 3 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை உண்டு. ஒரு சுற்று முடிக்க முக்கால் மணி போதும். நேரம், கட்டண விவரங்களை வாசலில் கேட்டறியலாம். அருகில் குடியிருப்போர் சைக்கிளில் வாசல்வரை வந்து, உள்ளே நடப்பது நல்லது. சத்தமில்லாமல் போனால்தான் நாரையும் நீர்க்காகமும் கண்ணில் படும்.

இந்த நீர்நிலை எப்படி உயிர் வாழ்கிறது? கடல் ஏறும்போது முகத்துவாரம் வழியாக உப்புநீர் உள்ளே வருகிறது. இறங்கும்போது அழுக்கையும் கொண்டு வெளியேறுகிறது. மணல் அடைத்தாலும் குப்பை அடைத்தாலும் இந்தப் போக்குவரத்து நின்று நீர் நாறத் தொடங்கும். மழைக்காலத்தில் பெருகும் தண்ணீரைத் தாங்கி நிற்பதும் இத்தகைய தாழ்நிலங்களே. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கிடங்குச் சரக்கை இழந்த வணிகர்கள் பலர். தண்ணீருக்கு இடம் இல்லாவிட்டால் அது நம் கடைக்குள் வரும் என்பதை அன்று கண்டோம்.

ஆகவே நடக்கப் போவதோடு நம் கடமை முடிவதில்லை. கடையைப் புதுப்பிக்கும்போது எஞ்சும் இடிபாட்டைக் கால்வாய் ஓரம் கொட்ட விடக்கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உள்ளது. அபராதத்துக்கு அஞ்சி மட்டும் அதைக் கைவிட வேண்டியதில்லை. வடிகாலில் அடைபடும் பை, அடுத்த மழையில் நம் சரக்கை நனைக்கும் என்ற கணக்குப் போதும்.

கணக்குத் தெரிந்தவர்கள் நாம். உடலுக்கும் ஊருக்கும் ஒரு பேரேடு போட்டுப் பார்ப்போம்.