புளியங்கிளையும் வெள்ளிக்கோலும்

பங்குனி மாதம் கல்வராயன் மலையில் புளி உலுக்கும் காலம். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு நாள், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் புளியமரம் ஏறுவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலிருந்த கிளையை இரண்டு கையாலும் பற்றினார். நெஞ்சு கிளையைத் தொடும்வரை உடம்பை இழுத்தார். மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையைக் கிளைக்கு மேலே கொண்டுவந்து, ஊன்றி எழுந்தார். உடற்பயிற்சிக்கூடத்தில் இதை ‘மசில் அப்’ என்பார்கள். இளவட்டங்கள் மாதக்கணக்கில் முயன்று பழகும் வித்தை இது.

இந்த வித்தைகளுக்கு நம் பக்கத்திலேயே ஒரு மரபும் உண்டு. வெள்ளிமலை இருக்கும் கள்ளக்குறிச்சி 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. தமிழ்நாட்டில் மல்லர் கம்பத்துக்குப் பேர்போன ஊர் அந்த விழுப்புரம். சுமார் இரண்டரை மீட்டர் உயர மரக்கம்பத்தில் விளக்கெண்ணெய் பூசி, அதில் பிள்ளைகள் ஏறிக் கிடையாகவும் தலைகீழாகவும் நிற்பார்கள். 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசத்திலேயே மல்லர்களின் கம்பப் பயிற்சி பற்றிய குறிப்பு இருக்கிறது.

பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள், சரி. முப்பத்தைந்து வயதில் ஒருவர் ஆசைப்பட்டால்? முடியும். ஆனால் உடம்பின் கணக்கைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும்.

ஒரு வித்தையை எடுத்துக்கொள்வோம். கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, முழங்கை மடங்காமல், முகம் வானத்தைப் பார்க்க, உடம்பு முழுவதையும் தரைக்கு இணையாக நிறுத்துவது. இதன் பெயர் ‘ஃப்ரண்ட் லீவர்’. லீவர் என்றால் நெம்புகோல். சந்தையில் வெள்ளிக்கோல் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோல் அதேதான், தூக்கும் கயிற்றை நகர்த்தினால் அது சமன்செய்யும் எடை மாறிவிடும். இங்கே நம் உடம்புதான் கோல், தோள்தான் கயிறு. அறுபது கிலோ எடையுள்ளவரின் எடைமையம் தோளிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60-ஐ 40-ஆல் பெருக்கினால் 2,400. முழங்காலை நெஞ்சோடு மடக்கி அந்தத் தூரத்தை 20 செ.மீ. ஆக்கினால் 1,200. எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. தோள் சுமக்கும் பாரம் பாதியாகிவிட்டது.

படிப்படியான பயிற்சி முழுவதும் இந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது. முதலில் சும்மா தொங்கப் பழக வேண்டும். அடுத்து, கையை மடக்காமல் தோள்பட்டை எலும்பை மட்டும் கீழே இறக்கப் பழக வேண்டும். பிறகு இரண்டு காலும் மடங்கிய நிலை. முதுகு நேராகி, தொடை நெஞ்சைவிட்டு விலகிய நிலை. ஒரு கால் மட்டும் நீண்ட நிலை. இரண்டு காலையும் அகட்டி நீட்டிய நிலை. கடைசியில்தான் முழு நீளம். ஒரு நிலையில் பத்து விநாடி நடுங்காமல் நிற்க முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

பெரியவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று கூடும். அதில் பெரும்பங்கு நரம்பினுடையது: இருக்கிற தசையை ஒரே நேரத்தில் வேலைவாங்க மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்து தசை பெருக்கும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணுக்கோ ரத்த ஓட்டம் குறைவு. அது உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-இல் குதிகால் நாணை ஆராய்ந்தார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 உடம்பில் விட்டுச்சென்ற தடத்தை வைத்து நாணின் வயதைக் கணித்தார்கள். அதன் உட்பகுதி ஏறக்குறைய பதினேழு வயதுக்குள் உருவாகி, அதன் பின் பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்று தெரியவந்தது. விடலைப் பருவத்தில் கட்டிய நாணை வைத்துத்தான் பெரியவர்கள் காலம் தள்ளுகிறோம். பாரம் கொடுத்தால் அந்த நாணும் விறைப்பேறி உறுதிப்படும், ஆனால் மெதுவாக. அவசரப்பட்டால் முதலில் முறையிடுவது முழங்கையின் உள்பக்கமும் தோளின் முன்பக்கமும்தான். தசை அலுத்து வலிப்பது சில நாளில் போய்விடும். மூட்டோரம் ஊசி குத்துவதுபோல் வலித்தால் ஒரு படி இறங்கிவிட வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி போதும். இடையில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும்.

வயதை மட்டும் காரணம் சொல்ல வேண்டாம். உஸ்பெகிஸ்தானின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஒக்சானா சுசோவிதினா 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வால்ட் பாய்ந்தபோது அவருக்கு 46 வயது. அது அவருடைய எட்டாவது ஒலிம்பிக். சிறுவயதிலேயே தொடங்கியவர்தான். ஆனால் இடைவிடாமல் பழகிய உடம்பு எவ்வளவு காலம் கைகொடுக்கும் என்பதற்கு அவரே சாட்சி.

மரமேறியவர் வேலை முடிந்து இறங்கியதையும் பார்த்தேன். கடைசிக் கிளையிலிருந்து குதித்திருக்கலாம், ஆள் உயரம்தான். அவர் குதிக்கவில்லை. கிளையைப் பற்றி, கையை அங்குலம் அங்குலமாக நீட்டி, கால் மண்ணைத் தொட்ட பிறகே பிடியை விட்டார். ஏறுவதற்குப் பலம் போதாத ஒருவர்கூட இப்படி மெதுவாக இறங்க முடியும். நாற்காலிமேல் ஏறிக் கம்பிக்கு மேலே தாடையை வைத்து, ஐந்து விநாடி எண்ணிக்கொண்டே இறங்குங்கள். தசையும் நாணும் ஏறக் கற்றுக்கொள்வது அந்த இறக்கத்தில்தான்.