மணிக்கு 15 கிலோமீட்டர்

வார நாட்களில் கம்பெனி பஸ்களாலும் மெட்ரோ வேலைத் தடுப்புகளாலும் திணறுகிற பெருங்குடிப் பழைய மகாபலிபுரம் சாலையில், சனிக்கிழமை விடியுமுன்னே, தலைக்கவசமும் ஒளிரும் பட்டைச் சட்டையும் அணிந்து, பின்புறம் சிவப்பு விளக்கு மினுக்கத் தெற்கு நோக்கிச் செல்லும் சைக்கிள்காரர்களைக் காண்கிறவர்கள், உடம்பு இளைக்கப் புறப்பட்ட கூட்டம் என்று எண்ணிக்கொள்வது சகஜம். அவர்களில் ஒரு சிலர் மறுநாள் இரவுதான் வீடு திரும்புவார்கள் என்றால் நம்புவதற்குச் சிறிது பிரயாசை வேண்டும்.

பி.ஆர்.எம். என்று அவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த நெடும்பிரயாணத்துக்குப் பாரிஸ் ஆடாக்ஸ் சங்கம் வகுத்துள்ள கெடு, 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. இதில் பரிசு கிடையாது. முதல்வன், கடையன் என்ற பேதமும் கிடையாது. வழியிலுள்ள சாவடிகளில் அட்டையில் முத்திரை பெற்று, அது இல்லாத ஊரில் ஏ.டி.எம். சீட்டையாவது அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு, கெடுவுக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

600 கிலோமீட்டருக்குக் கணக்குப் பார்த்தால் மணிக்கு 15 வீதந்தான் வருகிறது. காய்கறி வாங்கப் போகிறவருக்கும் கைகூடும் வேகம். ஆயினும் கடிகாரம் நிற்பதில்லை. மணிக்கு 20 வீதம் மிதிப்பவருக்கு 30 மணி சாலையில் கழிந்தால், சாப்பாடு, பஞ்சர், நித்திரை எல்லாவற்றுக்கும் எஞ்சுவது 10 மணியே. டீக்கடைப் பெஞ்சில் அரட்டையடிக்கும் ஒவ்வொரு கால் மணியும் அதிலிருந்தே கழியும். ஆதலால் காலின் பலத்தைவிட, எங்கே இறங்குவது, எப்போது எழுவது என்ற விவேகமே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தபடி வயிறு. சரீரத்தில் சேமித்த மாவுச்சத்து இரண்டு மணி நேரக் கடும் உழைப்புக்குமேல் தாங்காது. பசி தோன்றுமுன் வாழைப்பழமோ கடலைமிட்டாயோ வாய்க்குள் போகவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முற்பகல் கடந்து கடற்காற்று எழுந்து, தெற்கே செல்பவன் முகத்தில் அறையும் வேளையில், வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலை சுற்றும். உப்புப் போட்ட மோருக்கு நிகரான மருந்து அப்போது வேறில்லை. இரண்டாம் இரவில் விரல்கள் மரத்து, கியர் மாற்றக் கட்டைவிரல் மறுக்கும். சீட்டில் உராய்ந்த தோல் புண்ணாகும். தூக்கமின்மையால் மரநிழல் மனிதனாகத் தெரியும். அந்நிலையில் சாலையோரம் இருபது நிமிஷம் கண்ணயர்வது சோம்பலாகாது, கட்டாயம்.

இந்தப் பரீட்சையின் உச்சம் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயம். ஏறத்தாழ 5,000 கிலோமீட்டரைத் தனியொருவர் 12 நாட்களுக்குள் முடிக்கவேண்டும். கழுத்துத் தசை செயலிழந்து தலை மார்பில் சாய்ந்துவிடும் ஒரு விபரீதத்துக்கு, 1983-இல் அதற்கு ஆளான மைக்கேல் ஷெர்மரின் பெயரையே அங்கே சூட்டிவிட்டார்கள். 2017-இல் ராணுவ மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் அதைத் தனியே முடித்த முதல் இந்தியரானார். அவரை அடுத்து அதே ஆண்டில் நாகபுரியின் அமித் சமர்த்தும் முடித்தார். அவரும் மருத்துவரே. தன் உடம்பின் வரவு செலவை அறிந்தவர்கள் இருவர் சேர்ந்தாற்போல் வென்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அத்தனை தூரத்துக்கு ஆசைப்படாதவர்களுக்கு, நான்காண்டுக்கொருமுறை வரும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இருக்கிறது: 1891-இல் தொடங்கியது, 1,200 கிலோமீட்டர், 90 மணி. அடுத்தது 2027-இல். அதற்குச் செல்ல விரும்புகிறவர் அவ்வாண்டிலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடித்தாகவேண்டும். ஆகையால் இப்போதே ஒரு 200-க்குப் பெயர் கொடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.