கடலுக்கடியில் வழிகாட்டும் கருவிகள்: மலையகத் தாய்மார் அறிய வேண்டியவை



கடலையும் அதன் அடியையும் பற்றிய செய்தி, ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் வாழும் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று தோட்டத்தோடும் கடையோடும் நின்றுவிடவில்லை. நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் ஹிக்கடுவைக்கும் மாலைதீவுக்கும் உல்லாசப் பயணத் துறையில் வேலை தேடிப் போகிறார்கள். அவர்களில் சிலர், முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து கடலில் இறங்கும் சுழியோடிகளாகவும் ஆகிவிடுகிறார்கள். கையில் கட்டியிருக்கும் மணிக்கூடு போன்ற கருவியைக் காட்டி, "உம்மா, இது இருந்தால் பயமில்லை" என்று மகன் சொன்னால், அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைத் தாய் அறிந்திருக்க வேண்டாமா?

தரையிலும் கடலிலும் இருள் சூழும்போது நட்சத்திரங்களைக் கொண்டு வழியறியுமாறு அல்லாஹ் அமைத்திருப்பதை அல்குர்ஆன் அன்ஆம் அத்தியாயத்தில் நினைவூட்டுகிறது. இந்த அருட்கொடையை நன்கு பயன்படுத்தியவர்கள் அரபுக் கடலோடிகள். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் என்ற மாலுமி கடல்வழி பற்றிப் பெரும் நூல்களையே எழுதினார். முடிச்சுகள் இட்ட கயிற்றோடு கூடிய 'கமால்' என்ற சிறு பலகையால் நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து அக்காலக் கடலோடிகள் கப்பல் செலுத்தினார்கள்.

ஆனால் நட்சத்திரம் வழி காட்டுவது நீரின் மேலேதான். 1961ஆம் ஆண்டு, நம் நாட்டின் தென்கரைக்கு அப்பால் 'கிரேட் பாஸஸ்' பாறைத் தொடரில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலை மைக் வில்சனும் அவரோடு சென்ற இரு சிறுவர்களும் கண்டார்கள். அதிலிருந்து மூட்டை மூட்டையாக வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. அவை ஒளரங்கசீப் காலத்தில் சூரத் நகரில் அச்சிடப்பட்ட ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டு ரூபாய்கள். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தலைக்கு மேலே வானம் இருந்தும், நீருக்கடியில் இருந்த பாறை அந்தக் கப்பலைக் காவு கொண்டுவிட்டது.

நீருக்குள் இறங்குபவனின் நிலை இன்னும் கடினம். ஆழ்கடலின் அடுக்கடுக்கான இருளைப் பற்றி அந்நூர் அத்தியாயம் கூறும் உவமையை நீங்கள் அறிவீர்கள். நீரில் இறங்க இறங்க முதலில் சிவப்பு நிறம் மறைகிறது. பின்னர் எல்லாமே நீலமும் சாம்பலுமாகிவிடுகின்றன. ஓசை கேட்கும், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது சொல்லாது. காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் செல்லும் ஒலி நீரில் சுமார் 1,500 மீற்றர் செல்வதால் இரு காதுகளுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது.

"கைத்தொலைபேசியில் பாதை காட்டுகிறதே, அது போதாதா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஜீ.பீ.எஸ். எனப்படும் அந்த ஏற்பாடு, பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் ரேடியோ அலைகளால் இயங்குகிறது. அந்த அலைகள் அவ்வளவு தூரம் கடந்து வந்தும், கடல் நீருக்குள் ஒரு முழம்கூட இறங்க மாட்டா. நீர் அவற்றை விழுங்கிவிடும். ஆகவே படகு நிற்கும் இடத்தை ஜீ.பீ.எஸ். சொல்லும். படகுக்குக் கீழே இருக்கும் மனிதனுக்கு அது உதவாது.

முற்காலத்தில் மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களுக்கு ஒரே கருவி கயிறுதான். கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்குவார்கள். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மனைவியின் சகோதரனிடம்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரை ஊர்களில் சொல்வதுண்டு. தன் சகோதரி விதவையாவதை எவன்தான் விரும்புவான்!

இன்று சுழியோடியின் கையில் முதலில் இருப்பது திசைகாட்டி. இது உங்களுக்குப் புதிதல்ல. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்த முஸல்லாவில் கிப்லாவைக் காட்டும் சிறு திசைகாட்டி பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை உங்கள் இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், முள் தடுமாறும். கடலுக்கடியிலும் இதுவேதான் நடக்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. அத்தகைய இரும்பு மலைக்கு அருகே திசைகாட்டியை நம்பி நீந்துபவன் தவறான பக்கம் போக நேரிடும்.

மின்னணுத் திசைகாட்டியும் இதற்கு விலக்கல்ல. போக வேண்டிய திசையை அதில் பதித்து வைக்கலாம், இருளிலும் எண்ணைப் படிக்கலாம், கை சற்றுச் சரிந்தாலும் பல கருவிகள் அதைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆயினும் அதுவும் பூமியின் காந்தத்தையே நம்பியிருக்கிறது. பற்றரி மாற்றினால் மீண்டும் சீர்செய்ய வேண்டியிருக்கும். அத்துடன் அது திசையை மட்டுமே காட்டும். நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துச் செல்வதை அது அறியாது.

இன்னொரு வகைக் கருவி ஒலியால் இயங்குகிறது. படகுக்குக் கீழே ஒலி எழுப்பும் கருவியொன்றைத் தொங்கவிடுவார்கள். சுழியோடியின் கையிலுள்ள கருவி அந்த ஒலியைக் கேட்டு, படகு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று காட்டும். ரேடியோவை விழுங்கும் நீர், ஒலியைச் சுமந்து செல்வது அல்லாஹ்வின் ஏற்பாடல்லவா! எனினும் இடையில் ஒரு பாறை வந்தால் அந்த ஒலியும் மறைந்துவிடும்.

மூன்றாவது, கையில் கட்டும் 'டைவ் கொம்பியூட்டர்'. 1983இல் வந்த 'ஓர்கா எட்ஜ்' என்ற கருவி இதில் முன்னோடி. திசைகாட்டி செய்வதற்கென்றே 1936இல் பின்லாந்தில் தொடங்கப்பட்ட 'சூன்டோ' நிறுவனமும் பின்னர் இதைச் செய்யத் தொடங்கியது. இன்று பல கருவிகளில் திசைகாட்டியும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் இதன் முதல் வேலை ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, உடலில் எவ்வளவு நைதரசன் சேர்ந்திருக்கிறது என்று கணக்கிடுவதாகும். ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் நீரின் அமுக்கம் கூடுகிறது. அப்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறும். அவசரப்பட்டால், சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழிகள் பொங்குவதுபோல உடலுக்குள்ளேயே குமிழிகள் உண்டாகும். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்று, ஏன், கைகால் செயலிழப்பும் மரணமும்கூட ஏற்படலாம். நம் நாட்டில் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடும் ஏழைகள் பலரை இந்த நோய் முடமாக்கியிருக்கிறது.

சகோதரிகளே, இனி வருவதுதான் மலையகத்து வீடுகளுக்கு மிக முக்கியமான விடயம். கடலை விட்டுக் கரையேறியதும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. எஞ்சிய நைதரசன் வெளியேறப் பல மணித்தியாலங்கள் ஆகும். அதற்குள் விமானத்தில் ஏறக்கூடாது என்பதைச் சுழியோடிகள் அறிவார்கள். ஆனால் நுவரெலியாவும் ஒரு விமானம்தான்! பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றமுக்கம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீற்றர் வரையான உயரத்துக்குச் சமமானது. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஹற்றனும் 1,271 மீற்றர் உயரம்.

சர்வதேசச் சுழியோடிகள் பாதுகாப்பு அமைப்பான 'டான்' 600 முதல் 2,400 மீற்றர் வரையான உயரங்களுக்கு ஓர் அளவு கூறியிருக்கிறது. ஒரேயொரு முறை சாதாரணமாகச் சுழியோடியவர் குறைந்தது 12 மணித்தியாலங்கள் காத்திருக்க வேண்டும். பல முறை அல்லது தொடர்ந்து பல நாட்கள் சுழியோடியவர் 18 மணித்தியாலங்கள் காத்திருக்க வேண்டும். மேலே வரும்போது இடையில் கட்டாயமாகத் தரித்து வர நேர்ந்த ஆழமான சுழியோட்டத்துக்குப் பின் அதைவிடவும் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். ஆக, தினமும் கடலில் இறங்கும் உங்கள் மகன் மாலை நான்கு மணிக்குக் கடைசியாக மேலே வந்தால், மறுநாள் காலை பத்து மணிக்கு முன் மலையேறக்கூடாது.

பெருநாள் நேரத்தில் இதை மறந்துவிடாதீர்கள். "தலைப்பிறை கண்டாச்சு, இரவு பஸ்ஸிலேயே வந்துவிடு மகனே" என்று அன்போடு அழைப்பதற்கு முன், "கடைசியாக எத்தனை மணிக்குக் கடலில் இறங்கினாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வந்தவன் மூட்டு வலி, விறைப்பு, அளவு கடந்த களைப்பு என்று சொன்னால், பஸ் பயணக் களைப்பென்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, சுழியோடி வந்தவன் என்பதை முதலில் சொல்லுங்கள். ஒட்சிசனும், அமுக்க அறையில் வைத்துச் செய்யும் சிகிச்சையுமே இதற்கு மருந்து.

நம் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் ஆயிரம் மீற்றருக்கு மேலே இருப்பவை. பழைய மஸ்கெலியா நகரின் வணக்கத்தலங்கள் வறட்சியில் மவுசாகலை நீருக்கு மேலே தலைகாட்டும்போது, அவற்றைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். கடற்கரைக் கணக்கு இந்த உயரத்தில் செல்லாது. சில கருவிகள் உயரத்தைத் தாமே அறியும். சிலவற்றுக்கு நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். கலங்கிய நீரில் திசைகாட்டியின் முள்ளே கண்ணுக்குத் தெரியாது. பயிற்சி பெற்ற சுழியோடிகளே அங்கு கயிற்றைப் பிடித்துக் கையால் தடவித்தான் தேட வேண்டியிருக்கிறது. பயிற்சியில்லாத நம் பிள்ளைகளை அங்கே இறங்க விடலாமா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததைத் திர்மிதியில் காண்கிறோம். கருவியைப் பழகுவதும், அது எங்கே கைவிடும் என்று அறிவதும், கூட ஒரு துணை இல்லாமல் இறங்காதிருப்பதும், கரையேறிய பின் பொறுத்திருப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதேயாகும். கயிறு கட்டாமல் தவக்குல் பேசுவது தவக்குல் ஆகாது. கயிற்றை மட்டும் நம்பித் துஆவை மறப்பதும் முஃமினுக்கு அழகல்ல.

ஆகவே தாய்மார்களே, பிள்ளைக்குத் துஆச் செய்து அனுப்புங்கள். திரும்பி வரும் வழியில் அவன் கடற்கரையில் ஓரிரவு தங்கினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் தாமதமாக வந்தாலும் மகன் நலமாக வாசலில் நிற்பதல்லவா பெருநாள்! நம் பிள்ளைகளைத் தரையிலும் கடலிலும் வல்ல நாயன் பாதுகாப்பானாக. ஆமீன்.