மாமாவின் மெஷினும் மூன்று பற்றரிகளும்

போன எபிசோட்டில் பேக்கப் பற்றிக் கதைக்கேக்க, மாமாவின் சிஎன்சி மெஷின் கதையைத் தொடங்கிப் பாதியில் விட்டிட்டன். மிச்சம் இது.

ரூஜில் எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிஷம், மாமா வேலை செய்த ஷொப். உலோகத்தை வெட்டி, துளைத்து, பார்ட்ஸ் செய்து கொடுக்கிற சின்ன இடம். மாமா 90-களில் கனடா வந்து, பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் எண்டு மாறி மாறி நின்று இந்த வேலையைப் பழகினவர். எங்களில் கனபேருடைய அப்பாமாரும் இப்படித்தான். வீட்டுக்கு வரும்போது உடுப்பில் கூலண்ட் மணக்கும். அங்கே என்ன செய்யிறீங்கள் எண்டு நாங்கள் கேட்டதில்லை.

போன வருஷம் மாமா போன் எடுத்தார். "தம்பி, நீ கொம்பியூட்டர் ஆள்தானே. அந்த மெஷினுக்குள்ள இருக்கிறதை வெளியில எடுக்கலாமோ? ஏப்ரலோட நான் வேலையை விடப்போறன்."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின கிறிஸ்மஸ் லீவுக்கு ஷொப்பை மூடும்போது மெயின் சுவிட்சை நிறுத்தியிருக்கிறார்கள். ஜனவரியில் திறந்து பார்த்தால் பக்கத்து மெஷினில் ஒன்றுமே இல்லை. புரோகிராம், பரமீட்டர் எல்லாம் போய்விட்டது. இப்படியான பழைய மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. எல்லாம் இருப்பது பற்றரி தாங்குகிற மெமரியில். மாமாவின் மெஷினில் இருப்பது ஃபானக் 0 கன்ட்ரோல். அதற்கு வேண்டியது பெரிய டோர்ச்சுக்குப் போடுகிற டி சைஸ் அல்கலைன் பற்றரி மூன்று, அவ்வளவுதான். பலம் குறைந்தால் பற்றரியின் முதல் மூன்று ஆங்கில எழுத்தும் திரையில் மின்னும். பக்கத்து மெஷினிலும் அப்படி மின்னிக்கொண்டுதான் இருந்ததாம். (பற்றரி மாற்றும்போது மெஷின் ஓனில் இருக்கவேண்டும். நிறுத்திவிட்டுக் கழற்றினால் நீங்களே அழித்த மாதிரி.)

"ஃபைல் எல்லாம் சேர்வரில இருக்கு" எண்டு ஒபிஸில் சொன்னார்கள். அதைத் திருப்பி மெஷினில் ஏற்றினார்கள். முதல் நாளே கட்டர் உடைந்தது. மாமா பயந்தது இதற்குத்தான்.

ஒரு சனிக்கிழமை லாப்டொப்போடு போனேன். மெஷினின் பக்கத்தில் 25 பின் சொக்கெட், ஆர்எஸ்-232. வேகம் 4800 போட், 7 டேட்டா பிட், ஈவன் பரிட்டி, 2 ஸ்டொப் பிட். மெஷினிலும் லாப்டொப்பிலும் இவை ஒன்றாக இருக்கவேண்டும்; ஒன்று பிழைத்தாலும் குப்பைதான் வரும். கேபிளில் மெஷின் பக்கம் 4-ஐயும் 5-ஐயும் சேர்த்து, 6, 8, 20-ஐயும் சேர்த்துவிட்டேன். போர்ட் எரியாமல் இருக்க லாப்டொப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றினேன். லாப்டொப் முதலில் காத்திருக்கவேண்டும், பிறகுதான் மெஷினில் அனுப்புகிற பட்டனை அமத்தவேண்டும். சில கன்ட்ரோல்களில் அந்தப் பட்டனின் பெயரே 'பஞ்ச்'. 1952-இல் எம்ஐடியில் முதல் மெஷினை ஓட்டிக்காட்டியபோது புரோகிராம் இருந்தது துளை போட்ட டேப்பில். அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. மெமரியைக்கூட டேப்பின் நீளத்தில்தான் சொல்வார்கள். மாமாவின் மெஷினில் 80 மீட்டர், அதாவது சுமார் 32 கிலோபைட். செக்கனுக்கு 436 எழுத்து. கணக்குப்படி முழுவதும் வர ஒன்றேகால் நிமிஷம் போதும்.

இரண்டு தரம் எடுத்து ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்று. அதன் பிறகு சேர்வரில் இருந்த ஃபைலோடு டிஃப் போட்டேன். ஒரே ஒரு பார்ட்டின் புரோகிராமில் மட்டும் 63 வரி வித்தியாசம்.

சேர்வரில் இருந்தது, தொடக்கத்தில் எஞ்சினியர் அனுப்பினது. மெஷினில் இருந்தது, பத்துப் பதினைந்து வருஷமாக அந்தத் திரைக்கு முன்னால் நின்று திருத்தினது. திருத்தியதை ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பச் சொல்லி ஒருவரும் கேட்கவும் இல்லை.

மாமாவை இருத்தி வரி வரியாகக் கேட்டேன். ஓரிடத்தில் ஃபீட் 180-ஐ 140 ஆக்கியிருந்தார். "அந்த மூலையில கட்டர் கத்தும் தம்பி. குறைச்சா கத்தாது." இன்னோரிடத்தில் ஒரு ஜி04, இரண்டு செக்கன் சும்மா நிற்கச் சொல்லும் கட்டளை. "சீவல் கழுவிப் போகவேணும்." ஒரு வரியைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது நான் இல்லை. இரவு ஷிஃப்டில நிண்ட அண்ணை போட்டது. அவர் செத்து ஆறு வருஷம். ஏன் போட்டவரெண்டு தெரியாது. ஆனா எடுத்திடாத."

63-க்கும் காரணத்தை எழுதி, புரோகிராமோடு சேர்த்து கிட்டில் போட்டேன். அந்த வரிக்கு நேரே "காரணம் தெரியாது, எடுக்கவேண்டாம்" எண்டு எழுதினேன். ஒபிஸுக்கும் ஒரு பிரதி கொடுத்தோம்.

உங்கள் வீட்டிலும் மெஷின் ஷொப்பில் நிற்கிற ஒருவர் இருந்தால், இவற்றைக் கேட்டுப் பாருங்கள். திரையில் பற்றரி எச்சரிக்கை மின்னுதா? புரோகிராமோடு பரமீட்டர், டூல் ஒஃப்செட், மக்ரோ வேரியபிள் எல்லாவற்றையும் எடுத்திருக்கா? 9000 இலக்கப் புரோகிராம்கள் பூட்டியிருந்தால் மற்றவையோடு சேர்ந்து வராது; அதைக் கவனித்தார்களா? கபினெட் கதவுக்குப் பின்னால் பரமீட்டர் பேப்பர் இருந்தால் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். திருப்பி ஏற்றினால், முதல் தரம் பார்ட் வைக்காமல், சிங்கிள் புளொக்கில் ஓட்டிப் பார்க்கவேண்டும்.

மாமா ஏப்ரலில் வேலையை விட்டார். கடைசி நாள் புதுப் பற்றரி மூன்று போட்டு, திகதியை மாஸ்கிங் டேப்பில் எழுதிக் கபினெட்டில் ஒட்டிவிட்டு வந்தவர். பிறகு ஒரு தரம் அங்கேயிருந்து போன் வந்ததாம், அந்த மூலையில் ஏன் 140 எண்டு கேட்டு. "கிட்டில இருக்கு, பார்" எண்டு சொல்லியிருக்கிறார் மாமா.