பாடுவோர் ஏட்டுக்கு ஏற்ற விளக்கு



சில ஆண்டுகளுக்கு முன்பு, வைகாசிச் சடங்கு நடந்துகொண்டிருந்த ஓரிரவு, திருக்கோவிலுக்கு அண்மையிலுள்ள அம்மன் கோவில் ஒன்றுக்கு வழக்குரை கேட்கச் சென்றிருந்தேன். கீழைக் கரையோரத்துக்கு அப்பாலிருந்து இப்பேச்சைக் கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தம்பிலுவில், காரைதீவு முதலிய எங்கள் ஊர்களில் கண்ணகிக்குச் சடங்கு செய்யும் நாள்களில், கண்ணகி வழக்குரை என்னும் காவியத்தைக் காதை காதையாக இராகத்தோடு படிப்பது வழக்கம். 1968ஆம் ஆண்டில் பண்டிதர் வி. சீ. கந்தையா அதனை அச்சிற் பதிப்பித்தார். அதற்கு முன்னர் அது ஏட்டிலும் கொப்பியிலும் படிப்போர் நாவிலுமே வாழ்ந்தது. குளிர்த்தியுடன் சடங்கு நிறைவெய்தும்.

அன்றிரவு படித்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். நாற்பது வருடமாகப் படித்து வருபவர். அவர் குரலில் கோவலன் கொலையுண்ணும் இடம் வரும்போது பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவர் அன்று மூன்று தரம் தடுக்கினார். ஓரிடத்தில் ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டார். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. "ஐயாவுக்குக் கண் போயிற்று, வாற வருஷம் வேறு ஆளைப் பார்க்கத்தான் வேணும்" என்று எனக்குப் பின்னாலிருந்த ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது, பெரியவர் காதிலும் விழுந்திருக்கும்.

மறுநாள் அந்தியில் அவர் அருகே போய் உட்கார்ந்து, எழுத்து மங்கலாகத் தெரிகிறதா என்று விசாரித்தேன். "எழுத்து இருக்கு சேர்; தாள்தான் பளபளக்குது" என்றார். அவர் இருந்த பலகையில் நானே இருந்து பார்த்தேன். கண்ணில் குற்றமில்லை, விளக்கிலேதான் குற்றம் என்பது அப்போது விளங்கிற்று.

இளைஞர்கள் நல்லெண்ணத்தோடு வேலை செய்திருந்தார்கள். மைதானங்களுக்குப் பூட்டுகிற வலிய எல்.ஈ.டி. விளக்கொன்றைப் பெரியவரின் முதுகுக்குப் பின்னே உயரத்தில் கட்டியிருந்தார்கள். அதனால் அவர் தலையின் நிழல் ஏட்டின் நடுவிலே விழுந்தது. நிழல் விழாத பகுதியிலோ, தாள் கிழியாமலிருக்கப் போட்டிருந்த பிளாஸ்திக் உறை விளக்கொளியை அப்படியே அவர் கண்ணுக்குத் திருப்பி அனுப்பியது. போதாக்குறைக்கு, எதிர்த்தூணில் இன்னொரு குமிழ் அவர் முகத்துக்கு நேரே எரிந்தது. கூசும் ஒளி கண்ணிற் பட்டால் கண்மணியின் துவாரம் சுருங்கும். அந்தச் சுருங்கிய துவாரத்தோடு நிழல் விழுந்த வரியைப் படி என்றால் எவர்தாம் படிப்பார்?

ஆகவே, பாடுவோருக்கு விளக்குத் தேடும்போது, எவ்வளவு வெளிச்சம் என்று கேட்பதற்கு முன், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்றுண்டு. முகம் பார்க்கும் சிறு கண்ணாடியொன்றை ஏட்டின்மேல் படுக்கையாக வையுங்கள். படிப்பவர் இருக்கும் இடத்திலிருந்து குனிந்து நோக்குங்கள். கண்ணாடியிலே விளக்குத் தெரிந்தால், அந்த விளக்கு ஏட்டிலும் மினுங்கும், இடத்தை மாற்றுங்கள். கண்ணாடியைப் பக்கத்தின் நான்கு மூலைக்கும் நகர்த்திப் பார்த்து, எங்கும் விளக்குத் தெரியாவிட்டால் பொருத்தம் சரி. பெரும்பாலும் தாங்கியின் மேல்விளிம்பில், தாளுக்குச் சற்று முன்னே நீண்டு, கீழ்நோக்கி ஒளி வீசும் மூடியுள்ள விளக்கே இச்சோதனையில் தேறும்.

இனி, எவ்வளவு வெளிச்சம் என்பதைப் பார்ப்போம். வசதியாக வாசிப்பதற்குத் தாளின்மேல் 300 முதல் 500 லக்ஸ் வரை ஒளி போதும் என்பர். ஒரு சதுர மீற்றரில் விழும் ஒளியின் அளவே லக்ஸ். விளக்கு மொத்தமாக வெளியிடும் ஒளியை லூமென் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். விரித்த ஏ4 தாள் இரண்டின் பரப்பு ஒரு சதுர மீற்றரில் எட்டில் ஒரு பங்குதான். 100 லூமென் விளக்கொன்றின் ஒளியிற் பாதி வெளியே சிதறினாலும், எஞ்சிய 50 லூமென் அந்தத் தாள்களில் 400 லக்ஸ் தந்துவிடும். பெரியவரின் முதுகுக்குப் பின்னே எரிந்த விளக்கோ பல்லாயிரம் லூமென்! அருகிலிருக்கும் சிறு விளக்கு, தொலைவிலுள்ள பெரு விளக்கை வெல்லும். சிறு குமிழொன்றை இரு மடங்கு தூரத்தில் வைத்தால் ஒளி நான்கிலொன்றாகக் குறைந்துவிடும் என்று விஞ்ஞான ஆசிரியர் படிப்பித்ததை நாம் வீட்டிலே மறந்துவிடுகிறோம்.

ஆயினும் வயதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. விழிவில்லை மஞ்சளித்துப்போவதும் கண்மணித் துவாரம் சிறுத்துப்போவதும் இதற்குக் காரணங்கள். ஆதலால், ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள விளக்கையே வாங்குங்கள். நானும் ஐம்பதைத் தாண்டியவன். இதைக் கொஞ்சம் சுயநலத்தோடுதான் சொல்கிறேன்.

கச்சேரி வித்துவான்கள் ஏடு பார்த்துப் பாடுவதை நம் மரபு பெருமையாக எண்ணியதில்லை. பாடாந்தரமே அவர்களுக்கு விளக்கு. ஆனால் நம் ஊர்களில் ஏடும் பாட்டும் பிரியாத இடங்கள் பலவுண்டு. கூத்துக் களரியில் ஏட்டைப் பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுப்பவர் இருக்கிறார். கல்முனைப் பக்கத்து வீடுகளில் றபீஉல் அவ்வல் மாதத்தில் மௌலூது ஓதும்போது, வட்டமாக இருந்து கிதாபை ரெஹாலில் விரித்து ஓதுவார்கள். தரையோடு அமர்ந்து ஓதுவோருக்கு நெடிய விளக்குத் தண்டு உதவாது. ரெஹாலின் அருகே வைக்கும் குட்டையான விளக்குத்தான் வேண்டும். எதிரே அமர்ந்திருப்பவரின் கண்ணில் அது படாதபடி மூடியும் இருக்க வேண்டும். பாடசாலைப் பாண்டு வாத்தியக் குழுவுக்கோ தாங்கிதோறும் ஒரு விளக்கு வேண்டும்.

படிப்பவரைப்போலவே பார்ப்பவரையும் நினைக்க வேண்டும். ஜெர்மனியில் 1876இல் திறக்கப்பட்ட பைரோய்த் நாடக அரங்கில், வாத்தியக்காரர் இருக்கும் குழியின்மேல் வாக்னர் ஒரு மறைப்பு அமைத்தார். குறிப்பேடுகளின் வெளிச்சம் இருளில் அமர்ந்திருந்த சபையோர் கண்ணை எட்டாமற் போனது அதன் பயன்களில் ஒன்று. கோவில் மண்டபத்தில் அவ்வளவு வேண்டியதில்லை. விளக்கின் மூடியில் ஒரு கறுப்புத் தாளை ஒட்டினாலும் போதும்.

நிறத்தைப் பற்றியும் கேட்பார்கள். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ளது மஞ்சள் சாயல். 4000 கெல்வின் ஏறக்குறைய வெண்மை. எழுத்தை வாசிக்க இரண்டும் உதவும். பழுப்பேறிய பழங்கொப்பியில் சிவப்பு மையால் அடையாளமிட்டிருந்தால், நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு 80க்கு மேற்பட்ட விளக்காகப் பாருங்கள். 90 என்றால் இன்னும் நன்று. மழைக்காலத்தில் ஈசல் பறக்கும் எங்கள் ஊர்களில், மஞ்சள் சாயலுள்ள விளக்குப் பூச்சிகளைக் குறைவாக ஈர்க்கிறது என்பதும் ஒரு காரணம். பாடுவதற்கு வாயைத் திறப்பவர்களுக்கு இது சிறு விஷயமல்ல!

மலிவான சில விளக்குகள், நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், செக்கனுக்கு நூறு தடவை துடிக்கும். கண் அதை உணராவிட்டாலும் சிலருக்குத் தலையிடி வரும். கைத்தொலைபேசியின் கமராவை அருகே பிடித்துப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் வேறு விளக்கைக் கேளுங்கள்.

மின்வெட்டை அறிந்தவர்கள் பற்றரி விளக்கையே விரும்புவார்கள். 2000 மில்லி அம்பியர் மணி என்று குறித்த 3.7 வோல்ற் பற்றரியில் 7.4 வாற்று மணி சக்தியுண்டு. 2 வாற்று விளக்கு அதில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எரியாது. நள்ளிரவைத் தாண்டும் படிப்புக்கு அது காணாது. மாற்றுப் பற்றரியோ, எரியும்போதே மின்னேற்றும் வசதியோ தேவை. பற்றரியோடு விளக்குக் கனத்தால், மடக்குத் தாங்கி கச்சான் காற்றில் முன்னே சாய்ந்துவிடும். தாங்கியின் காலடியில் மணல் நிரப்பிய சிறு பையொன்றை வையுங்கள். கடற்கரை ஊரில் மணலுக்குப் பஞ்சமில்லை. பக்கம் பறக்காமலிருக்க உடுப்புக்குப் போடும் கௌவி இரண்டு போதும்.

அன்று அந்தியில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். முதுகுப்புற விளக்கை அணைத்தோம். எதிர்த்தூண் குமிழைக் கழற்றினோம். தாள்களைப் பிளாஸ்திக் உறையிலிருந்து எடுத்தோம். என் மகள் படிக்கும் மேசையிலிருந்த சிறு விளக்கைக் கொண்டுவந்து பலகையின் தலைப்பில் பூட்டினோம். மண்டபம் முன்னைவிட இருண்டிருந்தது. அதைக் கண்டு கோவிலார் முகம் சுளித்தார்கள். பெரியவர் முதல் பக்கத்தை விரித்து, விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு படிக்கத் தொடங்கினார். காதை முடியும்வரை அந்த விரல் எந்த வரியிலும் தரிக்கவில்லை.

அடுத்த வைகாசியிலும் அவரே படித்தார். மேசை விளக்கு என் மகளிடம் திரும்பிவிட்டபடியால், கோவிலுக்கென்று ஒன்று வாங்கக் கல்முனைக்குப் போனோம். பெரியவர் தமது கொப்பியைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கடைக்காரர் காட்டிய ஒவ்வொரு விளக்கின் கீழும் அதை விரித்து, நான்கு வரி மெல்லப் பாடிப் பார்த்தார். ஐந்தாவது விளக்கை எடுத்துக்கொண்டோம்.