தொட்டி மண்ணில் ஒரு பாம்பு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னைப் புறநகரில் முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர் பக்கத்து வீடுகளின் குளியலறையில் கறுப்பாக ஏதோ நெளியும். மண்புழுவோ என்று குனிந்தால், உடம்பு வழுவழுவென்று மின்னும், ஓட்டமும் வேகம். "நாகப்பாம்புக் குட்டி!" என்று யாராவது கத்துவார்கள். அடுத்தது துடைப்பக்கட்டை, இல்லையென்றால் பினாயில்.

அநியாயமாகச் சாவது புழுப்பாம்பு. அதற்கு நஞ்சு கிடையாது. நம்மைக் கடிக்கும் அளவுக்கு வாயும் கிடையாது. மண்ணுக்கடியில் அது இருந்த பொந்தில் தண்ணீர் நிறைந்ததால், சாக்கடைக் குழாய் வழியாக மேலே ஏறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சாண் நீளம்கூட வராது. உற்றுப் பார்த்தால்தான் தலை எது, வால் எது என்று தெரியும். தலைப்பக்கம் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகள். அவைதான் கண்கள், வெளிச்சமா இருட்டா என்று உணர்வதற்குமேல் அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வால் நுனியில் பொடி முள் ஒன்று இருக்கும். மண்ணில் அதை ஊன்றித்தான் முன்னே உந்திச் செல்லும். கையில் பிடித்தால் அதே முள்ளால் குத்திப் பார்க்கும், தோலில் இறங்காது.

சாப்பாடு, எறும்பு முட்டையும் கரையானும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்குப் பெரிய வியப்பு. இந்தப் பாம்பு சில நேரம் கரையானை வாயில் கவ்வித் தரையில் தேய்த்து, தலையைத் துண்டித்துவிட்டு உடலை மட்டும் விழுங்குகிறது. கரையான் தலை அதன் வயிற்றில் சரியாகச் செரிப்பதில்லை.

விசாகப்பட்டினத்துப் பாம்பு ஒன்றை இயற்கையியலாளர் பேட்ரிக் ரஸ்ஸல் தன் நூலில் படத்தோடு விவரித்திருந்தார். அதை வைத்துத்தான் 1803-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் டோடான் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தார். இன்றைய பெயர் இண்டோடிஃப்ளாப்ஸ் பிராமினஸ்.

இந்த இனத்தில் ஆணே கிடையாது. அத்தனையும் பெண், இணை சேராமலே முட்டையிடும். மற்ற பாம்புகளுக்கு இரண்டு தொகுதி குரோமோசோம் என்றால் இதற்கு மூன்று. நர்சரித் தொட்டி மண்ணில் ஒன்றே ஒன்று ஒளிந்து போனாலும் போன இடத்தில் குடும்பம் பெருகிவிடும். இப்படித்தான் ஹவாய், ஃபுளோரிடா, மெக்சிகோ வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. இங்கே பக்கத்திலுள்ள நன்மங்கலம் காடு சுருங்கினாலும் இது பிழைத்துக்கொள்ளும், மொட்டைமாடி ரோஜாத்தொட்டியே அதற்குப் போதும்.

குளியலறையில் பார்த்தால் ஒரு காகிதத்தில் ஏந்தி, செடியடியில் ஈரமண் மேல் விடுங்கள். வெயில் படும் சிமெண்ட் தரையில் விட்டால் காய்ந்து செத்துவிடும்.